கண்ணைத் தேடிப் பிடிக்கும் காமிரா



வீட்டில் ஒரு கல்யாணம் என்றால், மேளக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே படக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் காலம் இது. அதில் தவறு ஒன்றுமில்லை. மேளம் அன்றோடு ஓய்ந்துவிடும். பந்தல் மறுநாள் பிரிந்துவிடும். பேரன் பேத்தி எடுத்த பிறகும் கையில் எஞ்சி நிற்பது படம் ஒன்றுதான். அந்தப் படத்தில் தாலி முடியும் கை மங்கலாகவும், பின்னால் கட்டியிருக்கும் வாழைமரம் பளிச்சென்றும் விழுந்திருந்தால் யாரை நொந்துகொள்வது? இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியுமா?

இப்போது நம் பிள்ளைகளில் பலர் தாங்களே காமிரா பிடிக்க ஆசைப்படுகிறார்கள். சிலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்கோ சனி, ஞாயிறுகளில் கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா என்று படமெடுத்து நாலு காசு பார்க்கலாம் என்ற எண்ணம். நல்ல ஆசைதான். ஆனால் காமிராவின் விலை ஆயிரக்கணக்கான வெள்ளி! வெயில் மழை பாராமல் பால் வெட்டியும், பழம் வெட்டியும் பெற்றோர் சேர்த்த பணம் அது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். காமிரா வாங்கும்போது எதை அளந்து பார்ப்பது?

கடைக்குப் போனால் மெகாபிக்சல் கணக்கைச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டால் கம்பெனிப் பெயரைச் சொல்வான். இரண்டையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'அசைந்துகொண்டிருக்கும் மனிதரின் கண்ணை இந்தக் காமிரா விடாமல் பிடிக்குமா?' இன்று விற்கும் மிரர்லெஸ் காமிராக்களுக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு இந்த ஒரு திறமைக்குத்தான். அது எப்படி வேலை செய்கிறது, எந்தக் காமிராவில் எப்படி இருக்கிறது, கடையில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதை இனிப் பார்ப்போம்.

கைப்பேசி போதாதா?

பலருக்குப் போதும். பகல் வெளிச்சத்தில், நின்று கொண்டிருக்கும் குடும்பத்தைக் கைப்பேசி நன்றாகவே எடுக்கும். அதன் சென்சார், அதாவது ஒளியை வாங்கும் தகடு, மிகச் சிறியது. லென்ஸும் சிறியது. ஆகவே பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றாகவே தெளிவாக விழும். ஃபோகஸ் தவறும் வாய்ப்பு குறைவு. பிறந்தநாளும் சுற்றுலாவும்தான் உங்கள் தேவை என்றால் பணத்தை வீட்டுக்குச் செலவிடுங்கள்.

கைப்பேசி தடுமாறும் இடங்கள் வேறு. இரவில் ஆடிவரும் காவடி, மண்டபத்தின் மங்கலான வெளிச்சம், திடலின் மறுகோடியில் பந்து உதைக்கும் பிள்ளை - இந்த இடங்களில் பெரிய சென்சாரும் பெரிய லென்ஸும் வேண்டும். அப்படிப் பெரியவற்றைக் கையில் எடுத்தால் ஃபோகஸும் கண்டிப்பாகிவிடுகிறது. நடுத்தரச் சென்சார் உள்ள ஒரு காமிராவில் 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8 அளவுக்குத் திறந்து, 1 மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர்தான்! மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கிப்போகும். இமையில் பிடித்தால் அழகு. காதில் பிடித்தால் படம் வீண்.

கண்ணாடியை எடுத்தது ஏன்?

'மிரர்லெஸ்' என்றால் கண்ணாடி இல்லாதது என்று பொருள். எந்தக் கண்ணாடி? பழைய எஸ்.எல்.ஆர். காமிராவின் வயிற்றுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் காட்சியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் 'டக்'கென்று மேலே எழும்பி, ஒளியைப் பிலிமுக்கு விடும். பிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகும் இந்த ஏற்பாடு நெடுநாள் தொடர்ந்தது.

அந்தக் காமிராவில் ஃபோகஸ் பார்ப்பதற்குத் தனியாக ஒரு சிறு கருவி அடியில் ஒளிந்திருந்தது. இதில் மூன்று குறைகள். முதலாவது, கண்ணாடி மேலே எழும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கருவிக்குக் காட்சி மறைந்துபோகும். இரண்டாவது, ஃபோகஸ் பார்ப்பது ஓரிடம், படம் விழுவது வேறிடம். இரண்டுக்கும் இடையே இழையளவு வேறுபாடு வந்தாலும் ஃபோகஸ் முன்னால் அல்லது பின்னால் தள்ளி விழும். மூன்றாவது, ஃபோகஸ் புள்ளிகள் நடுவில்தான் கூட்டமாக இருக்கும். ஓரத்தில் நிற்கும் மணப்பெண்ணைப் பிடிக்கக் காமிராவைத் திருப்பிப் பிடித்து, மறுபடி சரிசெய்ய வேண்டும்.

மிரர்லெஸ் காமிராவில் படம் விழும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. கண்ணாடி தடுப்பதில்லை, ஈரிடப் பிரச்சினையும் இல்லை. படத்தின் ஓரம் வரைக்கும் ஃபோகஸ் புள்ளிகளைப் பரப்பி வைக்க முடிகிறது. முதல் மிரர்லெஸ் காமிராவான லூமிக்ஸ் ஜி1-ஐ பானாசோனிக் 2008-இல் வெளியிட்டது. கேனானும் நிக்கானும் பெரிய சென்சார் வைத்த மிரர்லெஸ் காமிராக்களோடு 2018-இல் களத்தில் இறங்கின.

இரண்டு வழிகள்

தானாக ஃபோகஸ் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. இவற்றைத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதி விளங்கிவிடும்.

முதல் வழி, தடவித் தேடுவது. பழைய வானொலிப் பெட்டியில் நிலையம் பிடிப்பது நினைவிருக்கிறதல்லவா? குமிழைத் திருகுவோம். ஒலி தெளிவாகும். இன்னும் திருகினால் மங்கும். தாண்டிவிட்டோம் என்று தெரிந்து பின்னால் திருகுவோம். காமிராவும் அப்படியே லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே ஓரங்கள் கூர்மையாகத் தெரிகின்றன என்று தேடும். நின்றிருக்கும் பொருளுக்கு இது சரி. ஓடிவரும் பிள்ளைக்கு? தேடி முடிப்பதற்குள் பிள்ளை தாண்டிப் போயிருக்கும்.

இரண்டாவது வழி, அளந்து பிடிப்பது. உங்கள் ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தெரியும். விரல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக மாறும். இதே போலக் காமிரா, லென்ஸின் இடப் பக்கத்து ஒளியையும் வலப் பக்கத்து ஒளியையும் தனித்தனியே பார்த்து ஒப்பிடுகிறது. இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை வைத்து, லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை உடனே கணக்கிட்டுவிடுகிறது. தடவல் இல்லை. இதைத்தான் 'பேஸ் டிடெக்‌ஷன்' என்கிறார்கள்.

நீங்கள் வாங்கும் காமிராவில், அதிலும் பழைய காமிராவில், இந்த இரண்டாவது வழி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பெயர்பெற்ற கம்பெனிகள் எல்லாவற்றிலும் அது எப்போதும் இருந்ததில்லை. பானாசோனிக் தன் லூமிக்ஸ் காமிராக்களில் முதல் வழியையே மேம்படுத்தி நெடுநாள் பயன்படுத்தி வந்தது. வீடியோ எடுக்கையில் பின்புறம் லேசாகத் துடிப்பது போலத் தெரிகிறது என்ற குறை அவற்றுக்குச் சொல்லப்பட்டது. 2023 ஜனவரியில் வந்த எஸ்5 மார்க் 2-இல்தான் லூமிக்ஸுக்கு முதன்முதலாக பேஸ் டிடெக்‌ஷன் கிடைத்தது. அதே கம்பெனி, ஒரே மாதிரித் தோற்றம், ஆனால் ஃபோகஸ் பிடிக்கும் வழி வேறு! பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கோனிகா முதல் இன்று வரை

தானாக ஃபோகஸ் பிடிக்கும் காமிரா நேற்று வந்ததல்ல. பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் காமிரா, 1977-இல் வந்த கோனிகா சி35 ஏ.எஃப். லென்ஸ் மாற்றும் காமிராக்களில் வெற்றிக்கொடி நாட்டியது 1985-இல் வந்த மினோல்டா 7000. அந்த வெற்றிக்கு மினோல்டா கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. தன்னுடைய ஃபோகஸ் கண்டுபிடிப்பு உரிமைகளை மீறியதாக அமெரிக்காவின் ஹனிவெல் கம்பெனி வழக்குத் தொடர்ந்து, 1992-இல் மினோல்டா 12 கோடியே 75 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. ஃபோகஸ் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று பாருங்கள்!

பிற்காலத்தில் கோனிகாவும் மினோல்டாவும் ஒன்றாயின. அவற்றின் காமிராத் தொழில் 2006-இல் சோனியின் கைக்குப் போனது. இன்று ஃபோகஸில் முன்வரிசையில் நிற்கும் சோனிக்கு இப்படி ஒரு பூர்வீகமும் உண்டு. அந்தச் சோனி 2017-இல் வெளியிட்ட ஏ9, 693 ஃபோகஸ் புள்ளிகளுடன், ஒரு விநாடிக்கு 20 படங்கள், கண்முன் காட்சி மறையாமல் எடுத்துக் காட்டியது. கண்ணாடியில்லாக் காமிரா ஓடும் விளையாட்டு வீரருக்கு ஈடுகொடுக்காது என்ற பேச்சு அதோடு அடங்கத் தொடங்கியது.

கண்ணை அறியும் வித்தை

தூரத்தை அளப்பது மட்டும் போதாது. எதன் தூரத்தை அளப்பது? முகத்தையா, மாலையையா, குத்துவிளக்கையா? முன்பெல்லாம் படக்காரர்தான் புள்ளியை நகர்த்தி வைப்பார். இன்று காமிராவுக்குள் இருக்கும் கணினி, இலட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்டு வருகிறது. இது முகம், இது கண், இது நாய், இது பறவை, இது மோட்டார் சைக்கிள் என்று அது அறிந்துகொள்ளும். கண்ணைக் கண்டதும் ஒரு சிறு கட்டம் போடும். ஆள் நடந்தால் கட்டமும் கூடவே நடக்கும். சில காமிராக்கள் முகம் திரும்பினாலும் தலை, தோள், உடல் என்று அடையாளம் வைத்துத் தொடரும்.

இந்த வித்தைக்கு இரு வரம்புகள் உண்டு. அது பழகாத காட்சியில் தடுமாறும். மாலைகள் முகத்தை மறைக்கும்போதும், ஓமப் புகை எழும்பும்போதும், அலகு குத்திய முகத்தின் முன்னால் மயிலிறகு ஆடும்போதும் கட்டம் வேறிடம் தாவலாம். இன்னொன்று, வெளிச்சமும் வேறுபாடும் குறைந்த இடத்தில் அது முகத்தைக் காணத் திணறும். மாநிறமும் கறுப்புமான நம் முகங்கள் மங்கிய வெளிச்சத்தில் எப்படிப் பிடிபடுகின்றன என்பதை விளம்பரத் தாளில் போடமாட்டார்கள். அதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கைக்கு எட்டும் நான்கு

நடுத்தரச் சென்சார் உள்ள நான்கு காமிராக்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். நான்கிலும் பேஸ் டிடெக்‌ஷன் உண்டு, கண்ணைப் பிடிக்கும் வசதியும் உண்டு.

சோனி ஏ6700: 2023-இல் வந்தது. 26 மெகாபிக்சல், 759 ஃபோகஸ் புள்ளிகள். பொருளை அடையாளம் காண்பதற்கென்றே தனிக் கணினிச் சில்லு வைத்திருக்கிறார்கள். ஆள் திரும்பினாலும் கூட்டத்தில் மறைந்து வந்தாலும் விடாமல் தொடர்வதில் நான்கில் இதுவே முந்தி நிற்கும். கைநடுக்கத்தைத் தாங்கும் வசதி காமிராவுக்குள்ளேயே உண்டு. உள்ளமைந்த பிளாஷ் கிடையாது.

கேனான் ஆர்10: 2022-இல் வந்தது. 24 மெகாபிக்சல். விநாடிக்கு 15 படங்கள் எடுக்கும். சாதாரண ஷட்டரில் தொடர்ச்சியாகப் படமெடுக்கும் வேகம் இந்த நான்கில் இதற்குத்தான் அதிகம். கண்ணைப் பிடிப்பதிலும் கெட்டிக்காரத்தனம் உண்டு. பிளாஷ் உள்ளேயே இருக்கிறது. எடையும் குறைவு. ஆனால் கைநடுக்கம் தாங்கும் வசதி காமிராவுக்குள் இல்லை. லென்ஸில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நிக்கான் இசட்50 இரண்டாம் மாடல்: 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 20.9 மெகாபிக்சல்தான். ஆனால் 2021-இல் மிக உயர்ந்த விலையில் வந்த நிக்கான் இசட்9-இன் எக்ஸ்பீட் 7 கணினிச் சில்லு இதிலும் இருக்கிறது. மனிதர், நாய், பூனை, பறவை, விமானம், கார், மோட்டார் சைக்கிள், சைக்கிள், ரயில் என ஒன்பது வகைகளை அடையாளம் காணும். பிளாஷ் உண்டு. கைநடுக்கம் தாங்கும் வசதி காமிராவுக்குள் இல்லை.

ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்20: 2023-இல் வந்தது. 26 மெகாபிக்சல். நிறங்கள் கண்ணுக்கு இதமாக விழுவதால் விரும்புவோர் அதிகம். கைநடுக்கம் தாங்கும் வசதியும் பிளாஷும் உண்டு. ஆனால் நம்மை நோக்கி வேகமாக வரும் ஆளைத் தொடர்வதில் சோனி, கேனான் அளவுக்கு உறுதி இல்லை என்பதே பயன்படுத்திய பலரின் கருத்து. நிற்கும் மனிதர், இயற்கைக் காட்சி, பயணம் இவற்றுக்குக் கேட்கவே வேண்டாம்.

'20 மெகாபிக்சல் குறைவாயிற்றே' என்று கவலைப்பட வேண்டாம். 24 மெகாபிக்சல் படம் என்பது அகலத்தில் 6000, உயரத்தில் 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 20 அங்குலத்துக்கு 13 அங்குலப் படம் கிடைக்கும். நிக்கானின் 20.9-இலும் 18 அங்குலத்துக்கு 12 அங்குலம் தாராளமாகக் கிடைக்கும். கல்யாண ஆல்பத்துக்கு இதற்கு மேல் எதற்கு? ஃபோகஸ் தவறிய படம் 40 மெகாபிக்சலில் இருந்தால், தவறு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

தொழிலுக்கு வாங்குவதென்றால்

மற்றவர் வீட்டுக் கல்யாணத்தைக் கூலி வாங்கி எடுப்பது வேறு பொறுப்பு. மேலே சொன்ன நான்கிலும் படங்களைச் சேமிக்க ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். அந்தக் கார்டு கெட்டுப்போனால் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் நினைவு போயிற்று. ஆகவே இரண்டு கார்டு போடக்கூடிய, ஒரே படம் இரண்டிலும் பதியக்கூடிய காமிராதான் தொழிலுக்கு ஏற்றது.

பெரிய சென்சார் வகையில் சோனி ஏ7 நான்காம் மாடல் (2021), கேனான் ஆர்6 மார்க் 2 (2022), பானாசோனிக் எஸ்5 மார்க் 2 (2023), நிக்கான் இசட்6 மூன்றாம் மாடல் (2024) ஆகியவற்றில் இரண்டு கார்டு வசதி உண்டு. முதல் மூன்றிலும் சாதாரண எஸ்.டி. கார்டு போதும். நிக்கானில் ஒரு பக்கம் எஸ்.டி., மறுபக்கம் சி.எஃப். எக்ஸ்பிரஸ் என்ற விலை கூடிய கார்டு. காமிரா விலையோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இவற்றில் கேனான், சோனி இரண்டின் ஃபோகஸும் கல்யாணக்காரர்களின் நம்பிக்கையைப் பெற்றவை. நிக்கான் இசட்6 மூன்றாம் மாடல் மிக மங்கிய வெளிச்சத்திலும் ஃபோகஸ் பிடிக்கும்படி செய்யப்பட்டது. நள்ளிரவில் காவடியோ தீமிதியோ எடுப்பவர்களுக்கு இது பயன். பானாசோனிக் வீடியோவுக்குப் பெயர்போனது. எல்லாமே நல்லவைதான். உங்கள் கைக்கும் வேலைக்கும் எது பொருந்துகிறது என்பதே கேள்வி.

புது மாடல் வந்துகொண்டேதான் இருக்கும். வரும் ஒவ்வொரு முறையும் முந்தையதன் விலை இறங்கும். பழைய காமிரா வாங்குவதிலும் வெட்கமில்லை. 2018-இல் வந்த சோனி ஏ7 மூன்றாம் மாடல், 2019-இல் வந்த சோனி ஏ6400, 2020-இல் வந்த கேனான் ஆர்6 ஆகிய மூன்றிலும் பேஸ் டிடெக்‌ஷன் உண்டு. நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாகப் பார்க்கலாம். இன்னொரு செய்தி: காமிராவுக்குள் இருக்கும் மென்பொருளைக் கம்பெனிகள் அவ்வப்போது புதுப்பித்து இலவசமாகத் தருகின்றன. 2018-இல் வந்த நிக்கான் இசட்6-க்குக் கண்ணைப் பிடிக்கும் வசதியே 2019-இல் இப்படித்தான் கிடைத்தது. பழைய காமிரா வாங்கியதும் முதல் வேலையாகப் புது மென்பொருளை ஏற்றுங்கள்.

லென்ஸை மறந்துவிடாதீர்கள்

முழுப் பணத்தையும் காமிராவில் போட்டுவிட்டு, பெட்டியோடு வரும் லென்ஸே போதும் என்று இருந்துவிடுவோர் பலர். வாய் அகன்ற லென்ஸ், அதாவது எஃப் 1.8 அல்லது எஃப் 2.8 என்று போட்டிருப்பது, அதிக ஒளியை உள்ளே விடும். ஒளி அதிகமானால் ஃபோகஸும் மங்கிய இடத்தில் விரைவாகப் பிடிபடும். லென்ஸை நகர்த்தும் மோட்டாரும் வேகமாக இருக்க வேண்டும். வண்டி புதிதாக இருந்து சக்கரம் தேய்ந்திருந்தால் ஓடுமா?

வேறு கம்பெனிகள் தயாரிக்கும் விலை குறைந்த லென்ஸுகள் சோனிக்கு ஏராளம். கேனான் நெடுநாள் கதவை மூடி வைத்திருந்து, 2024-இல்தான் சிக்மா, டாம்ரான் கம்பெனிகளின் ஃபோகஸ் லென்ஸுகளுக்கு வழிவிட்டது. அதுவும் நடுத்தரச் சென்சார் காமிராக்களுக்கு முதலில். வீட்டில் பழைய கேனான் ஈ.எஃப். லென்ஸ் இருந்தால் இணைப்பான் போட்டு மாட்டலாம், ஃபோகஸ் வேலை செய்யும். நிக்கான்காரர்கள் கவனிக்க: நிக்கானின் எஃப்.டி.இசட். இணைப்பானில் மோட்டார் கிடையாது. உள்ளே சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப்.-டி லென்ஸுகளைக் கையால்தான் திருக வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடைக்குத் தனியாகப் போகாதீர்கள். மனைவி, தம்பி, பிள்ளை என்று இருவரையாவது அழைத்துச் செல்லுங்கள். சொந்தமாக ஒரு கார்டும் கொண்டுபோங்கள்.

1. ஃபோகஸைத் தொடர் முறையில் வைக்கச் சொல்லுங்கள். சோனி, நிக்கான், ஃபூஜியில் அதன் பெயர் ஏ.எஃப்.-சி. கேனானில் செர்வோ. மனிதரை அடையாளம் காணும் வசதியையும் திறக்கச் சொல்லுங்கள்.

2. ஒருவரை ஐந்தாறு அடி தள்ளி அல்ல, ஐந்தாறு மீட்டர் தள்ளி நிறுத்தி, உங்களை நோக்கி வேகமாக நடந்துவரச் சொல்லிப் பத்துப் படம் தொடர்ச்சியாக எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்து, எத்தனையில் கண் தெளிவு என்று எண்ணுங்கள்.

3. நடந்து வருபவரின் முன்னால் இன்னொருவர் குறுக்கே போகட்டும். கட்டம் பழைய முகத்துக்கே திரும்புகிறதா, புது ஆளிடம் ஓடிவிடுகிறதா?

4. கடையில் வெளிச்சம் குறைந்த மூலை எது? அங்கே நம்மவர் முகத்தை எடுங்கள். மூக்குக் கண்ணாடி அணிந்தும், பக்கவாட்டில் திரும்பியும் பாருங்கள்.

5. வாசலுக்கு எதிராக, முகம் இருட்டாக இருக்கும்படி நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

6. இரண்டு காமிராக்களை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே தர லென்ஸ் இருக்க வேண்டும். ஒன்றில் எஃப் 1.8, மற்றதில் பெட்டி லென்ஸ் என்றால் அது நியாயமான போட்டி அல்ல.

படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில் நிதானமாகப் பாருங்கள். அன்றே வாங்கியாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உத்தரவாதம் நம் நாட்டிலேயே செல்லுமா, அல்லது வெளியிலிருந்து தருவிக்கப்பட்ட பெட்டியா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பழியைக் காமிரா மேல் போடலாமா?

மங்கலாக விழுந்த படமெல்லாம் ஃபோகஸ் தவறிய படமல்ல. படத்தை உற்றுப் பாருங்கள். முகம் மங்கி, பின்னாலிருக்கும் சுவர் தெளிவாக இருந்தால் அது ஃபோகஸின் தவறு. சுவரும் தரையும் தெளிவாக இருந்து, ஆடுகிறவரின் கை மட்டும் இழுபட்டாற்போல் இருந்தால் அது ஷட்டர் வேகத்தின் தவறு. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை நடுங்கியிருக்கிறது. நடந்துவரும் மணமக்களுக்கு விநாடியில் 200-இல் ஒரு பங்கு, ஆடும் காவடிக்கு 500-இல் ஒரு பங்கு, பந்து விளையாட்டுக்கு 1000-இல் ஒரு பங்கு என்று தொடங்கிப் பாருங்கள். கைநடுக்கம் தாங்கும் வசதி உங்கள் கையைத்தான் தாங்கும். ஆடுகிறவரின் ஆட்டத்தை அது நிறுத்தாது.

மண்டபங்களில் எல்.இ.டி. விளக்குகள் அதிகம். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழக்கூடும். சந்தேகம் இருந்தால் சாதாரண ஷட்டரிலேயே எடுங்கள். 'டக் டக்' என்ற சத்தம் நாதஸ்வரத்துக்கு முன் யார் காதில் விழப் போகிறது?

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

பிலிம் காலத்துப் படக்காரருக்கு ஒரு சுருளில் 36 படங்கள்தாம். ஒவ்வொன்றுக்கும் கையால் ஃபோகஸ் திருகி, மூச்சைப் பிடித்து எடுத்தார். பட்டணத்து ஸ்டூடியோக்காரர் தோட்டத்துக்கு வந்து எடுத்துக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பல வீட்டுச் சுவர்களில் தெளிவாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கவனம்தான். இன்று அந்தப் பாரத்தில் பெரும்பகுதியைக் காமிரா சுமக்கிறது. மீதமிருப்பதை எடுக்கிறவர்தான் சுமக்க வேண்டும். எங்கே நிற்பது, எந்த நேரத்தில் அழுத்துவது, யாருடைய கண்ணை முதலில் பிடிப்பது என்று காமிராவுக்குத் தெரியாது. மணப்பெண்ணின் முகத்தை அது தானே கண்டுபிடித்துவிடும். மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாயை யார் கண்டுபிடிப்பது?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை காமிரா கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே கொடுக்கவும் வேண்டாம். முதலில் கைப்பேசியிலேயே மூன்று மாதம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆர்வம் நிலைத்தால், கையிலிருக்கும் பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கு காமிராவுக்கு, மறு பங்கு நல்ல லென்ஸுக்கும் கூடுதல் மின்கலத்துக்கும் கார்டுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணைக்கு எடுப்பதானால், படமெடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள்.

வாங்கிய பிறகு, பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போங்கள். பந்து விளையாடுகிறவர்களை எடுங்கள். அந்தி வேளையில் கோவில் வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர்களை அனுமதி கேட்டு எடுங்கள். நூறில் எத்தனை கண் தெளிவு என்று வாராவாரம் எண்ணி எழுதி வையுங்கள். எண்ணிக்கை உயர்ந்த பிறகு முன்பணம் வாங்குங்கள். தாலி கட்டும் நேரம் காமிராவைக் கற்றுக்கொள்ளும் நேரமல்ல!